நாடகச் சொற்களை எங்கே பதிவது? விரிதாள், விக்சனரி, விக்கித்தரவு, தனித் தரவுதளம்: ஓர் ஒப்பீடு

கூத்து வாத்தியார்களிடமும் நாடகக் குழுக்களிடமும் சொற்களைக் கேட்டுக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: சேர்த்ததை எங்கே போடுவது? நோட்டுப் புத்தகத்திலும் கைபேசி ஒலிப்பதிவிலும் கிடக்கும் வரை அது ஒருவர் கைக்குள்தான் இருக்கும். நாலு பேர் சேர்ந்து திருத்தவும், மட்டக்களப்பிலிருந்து ஒருவர் கூடுதல் விவரம் சேர்க்கவும், கர்நாடகத்தின் யட்சகானக் கூத்தை ஆராயும் ஒரு கன்னடக்காரர் எடுத்து ஒப்பிடவும் வேண்டுமென்றால், பலரும் சேர்ந்து எழுதக்கூடிய பன்மொழித் தரவுதளம் ஒன்று தேவை.

நமக்கு முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. பகிர்ந்துகொள்ளும் விரிதாள், பலரும் சேர்ந்து எழுதும் இணைய அகராதியான விக்சனரி, பலரும் சேர்ந்து நிரப்பும் இணையத் தரவுதளமான விக்கித்தரவு, நாமே நிறுவி நடத்தும் தனித் தரவுதளம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுவெளியில் வைக்க, சொற்களைப் பதிவதற்கென்றே உள்ள விக்கித்தரவின் லெக்சீம் பகுதிதான் சரியான இடம். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் ஒரு விரிதாளில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஏன் என்பது, நாம் பதியப் போகும் சொற்களின் குணத்தைப் பார்த்தால்தான் புரியும்.

சொற்களின் குணம்

கட்டியங்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் அவர்தான் கூத்தைத் தொடங்கிவைக்கிறார். திரைக்குப் பின்னால் நிற்கும் வேஷத்திடம் கேள்வி கேட்டு, யார், எந்தத் தேசத்து ராஜா என்று சபைக்கு அறிமுகப்படுத்துகிறார். தர்பார் வந்தால் காவலாளி ஆகிறார். நடுவே இன்றைய நடப்பை இழுத்துவந்து கிண்டல் செய்து, தூங்கிப்போனவர்களை எழுப்புகிறார். ஈழத்துக் கூத்திலும் கட்டியகாரன் உண்டு. ஆனால் அங்கே அரசன் வரவை முன்கூட்டி அறிவிப்பதுதான் அவனுடைய முக்கிய வேலை.

இப்போது பக்கத்து மொழிகளைப் பாருங்கள். சமஸ்கிருத நாடகத்தில் சூத்திரதாரர் தொடங்கிவைக்கிறார், விதூஷகர் சிரிக்க வைக்கிறார். யட்சகானத்தில் பாடி, கதையை நகர்த்தி, ஆட்டத்தையே நடத்துபவர் பாகவதர். நாடகம எனும் சிங்கள இசைநாடகத்தில் பாத்திரங்களை அறிமுகப்படுத்திக் கதை சொல்பவர் பொத்தே குரு. எல்லோரும் உறவுக்காரர்கள் மாதிரித் தெரிகிறார்கள், ஆனால் ஒருவர் இடத்தில் இன்னொருவரை வைக்க முடியாது. கட்டியங்காரனின் வேலையில் ஒரு துண்டு இவரிடம், இன்னொரு துண்டு அவரிடம். ஒரு தரவுதளம் ‘இதற்கு ஆங்கிலத்தில் என்ன, கன்னடத்தில் என்ன’ என்று கட்டங்களை நிரப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், நாம் ஏதோ ஒன்றை எழுதி நிரப்பிவிடுவோம். அந்த நொடியில் தவறு உள்ளே போய்விடும்.

இது கூத்துச் சொற்களின் சிக்கல் மட்டுமல்ல. மேடையின் இடப்பக்கம், வலப்பக்கம் என்ற மிகச் சாதாரண விஷயத்துக்கு வருவோம். ஆங்கில மரபில் ஸ்டேஜ் லெஃப்ட் என்பது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடக்கை. ஜெர்மன் அரங்குகளில் இடம், வலம் என்பதைப் பெரும்பாலும் பார்வையாளர் பக்கத்திலிருந்து சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் குழப்பமே வேண்டாமென்று, பார்வையாளரின் இடப்பக்கத்தைத் தோட்டப்பக்கம் என்றும் வலப்பக்கத்தை முற்றப்பக்கம் என்றும் அழைக்கிறார்கள். பாரிஸின் துய்லரி அரண்மனையில் கொமெதி பிரான்செஸ் குழு நடித்த காலத்தில் ஒரு பக்கம் தோட்டமும் மறுபக்கம் முற்றமும் இருந்ததால் வந்த பெயர்கள் இவை. ஜப்பானிய மேடையில் பார்வையாளரின் வலப்பக்கம் கமிதே, இடப்பக்கம் ஷிமோதே.

ஆங்கிலச் சொல்லைத் தலைச்சொல்லாக வைத்து, பக்கத்தில் ஜெர்மன் சொல்லை அகராதி பார்த்து எழுதினால், ஸ்டேஜ் லெஃப்டில் வைக்க வேண்டிய மேடைப்பொருள் நேர் எதிர்ப்பக்கம் போய் நிற்கும். மாறாக, ‘பார்வையாளரின் இடக்கைப் பக்கம் உள்ள மேடைப் பகுதி’ என்ற கருத்தை முதலில் எழுதிவிட்டு, அதை ஒவ்வொரு மொழியிலும் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டால் எல்லாம் சரியாக வந்து உட்காரும். மட்டக்களப்பின் வட்டக்களரியில், அதாவது வட்டமான கூத்துக் களத்தில், சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே பார்வையாளரின் இடப்பக்கம் என்ற கருத்துக்கே இடமில்லை. அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்க வேண்டும், காலியாக இருப்பதும் ஒரு தகவல்தான்.

ஆக, சொல்லிலிருந்து தொடங்குவதா, கருத்திலிருந்து தொடங்குவதா என்பதுதான் நான்கு வழிகளையும் பிரிக்கும் முதல் கோடு. துறைச் சொற்களைத் தொகுக்கும் கலைச்சொல்லியலில் கருத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அகராதிகள் சொல்லிலிருந்து தொடங்கும்.

இன்னும் இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, சொல் எந்த ஊரில், எந்த வகை ஆட்டத்தில் வழங்குகிறது என்ற குறிப்பு. தெருக்கூத்தில் வாத்தியார் என்றால் ஈழத்தில் அண்ணாவியார். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி). இவற்றை ‘நல்ல தமிழாக’ மாற்றிப் பதியும் ஆசை சிலருக்கு வரும். கலைஞர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே பதிய வேண்டும்; நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடக மேடை அந்தச் சொற்களில்தான் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது தேவை, யார் சொன்னது என்ற ஆதாரம். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை அச்சில் கிடையாது, வாயிலும் காதிலும்தான் இருக்கின்றன.

விரிதாள்: தொடங்குவதற்கு மட்டும்

விரிதாளைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. எல்லோருக்கும் திறக்கத் தெரியும், கைபேசியிலும் ஓடும், ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே நிரப்பலாம். ஒரு வரிக்கு ஒரு கருத்து என்று வைத்துக்கொண்டால் கருத்திலிருந்து தொடங்கும் ஒழுங்கும் கிடைத்துவிடும். கூத்துக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாசித்துக் காட்டித் திருத்துவதற்கு இதைவிட வசதியான கருவி கிடையாது.

சிக்கல் மொழிகள் கூடும்போது வருகிறது. ஒரே கருத்துக்குத் தமிழிலேயே மூன்று பெயர்கள், அதில் ஒன்று இரண்டு வட்டாரங்களில், இன்னொன்றுக்கு வேறு பொருளும் உண்டு என்றால், எல்லாமே ஒரு கட்டத்துக்குள் காற்புள்ளி போட்டு அடைபடும். அப்புறம் யாரோ வரிசை மாற்றுவார், ஒரு நெடுவரிசை மட்டும் நகர்ந்துவிடும். திட்டம் முடிந்து கோப்பின் உரிமையாளர் கணக்கை மூடினால் தொகுப்பும் போய்விடும். பட்டறை மேசையாக விரிதாள் சரி. அதையே களஞ்சியமாக்கிவிடக் கூடாது.

விக்சனரி: விரிவாக எழுத இடம், இணைப்புக்கு வழியில்லை

விக்சனரி 2002 டிசம்பரில் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்சனரி லட்சக்கணக்கான பதிவுகளோடு இந்திய மொழி விக்சனரிகளில் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. நம் ஆட்களுக்குப் பழகிய இடம், உதவி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். ஒரு சொல்லைப் பற்றி நாலு பத்தி எழுதலாம், படம் போடலாம், மேற்கோள் காட்டலாம், வழக்கு வேறுபாட்டை விளக்கலாம். கட்டியங்காரனைப் பற்றி மேலே சொன்னதையெல்லாம் வாசிக்கிற மாதிரி எழுதிவைக்க இதுதான் இடம்.

ஆனால் விக்சனரியின் அலகு எழுத்துக்கூட்டல். ஒரே மாதிரி எழுதப்படுபவை எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். ஒவ்வொரு மொழியின் விக்சனரியும் தனித்தனி வீடு. தமிழ் விக்சனரியில் நான் திருத்தியது ஆங்கில விக்சனரியில் உள்ள அதே தமிழ்ச் சொல்லின் பதிவுக்குத் தானாகப் போகாது. மொழிபெயர்ப்புப் பகுதி இருந்தாலும் அது பக்கத்துக்குள் எழுதிய உரைதான். ‘திரை தொடர்பான எல்லாச் சொற்களையும், அவை வழங்கும் இடங்களோடு கொடு’ என்று கேட்டால் விக்சனரியால் பதில் சொல்ல முடியாது. தமிழ் விக்சனரியில் பெரிய பங்கு ஆங்கிலத் தலைச்சொல்லுக்குத் தமிழ் இணை தருபவை என்பதால், புதிதாக வருபவரும் அதே அச்சில் எழுதப் பழகிவிடுகிறார். நமக்குத் தேவை அதற்கு நேர்மாறு: தமிழ்ச் சொல்லிலிருந்து வெளியே போவது.

விக்கித்தரவு: நான் ஏன் இதைத் தேர்ந்தேன்

விக்கித்தரவு 2012 அக்டோபரில் வந்தது. முதலில் அதில் உருப்படிகள் மட்டும் இருந்தன. உருப்படி என்றால் ஒரு கருத்து அல்லது பொருள். அதற்கு எல்லா மொழிகளிலும் பெயர்கள் இருக்கும். 2018 மே மாதம் லெக்சீம்கள் சேர்ந்தன. லெக்சீம் என்றால் ஒரு குறிப்பிட்ட மொழியின் ஒரு சொல். அதற்கு வடிவங்களும் பொருள்களும் தனித்தனியாக இருக்கும். கருத்து ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம், நடுவே இணைப்பு. நாடகச் சொற்களுக்கு வேண்டியது சரியாக இந்த அமைப்புதான்.

களரி என்ற சொல்லைப் பதிவதாக வைத்துக்கொள்வோம். மொழி தமிழ், சொல்வகை பெயர்ச்சொல் என்று கொடுத்ததும் லெக்சீம் உருவாகும். வடிவங்களில் களரி, களரியை, களரியில் என்று சேர்க்கலாம். வடிவத்தோடு உச்சரிப்பு ஒலிக்கோப்பை இணைக்கலாம். பிறகு பொருள்கள். முதல் பொருள், கூத்து ஆடும் இடம். அதன் விளக்கத்தைத் தமிழில் எழுதுகிறோம், ஆங்கிலத்தில் எழுதுகிறோம், சிங்களம் தெரிந்தவர் பிறகு வந்து சிங்களத்தில் சேர்ப்பார். அந்தப் பொருள் எந்த வட்டாரத்தில் வழங்குகிறது, எந்தத் துறையில் வழங்குகிறது என்பதைக் குறிக்கப் பண்புகள் என்ற தனித்தனித் தகவல் கட்டங்கள் இருக்கின்றன. வட்டக்களரி இன்னொரு லெக்சீம். அது வட்டம், களரி என்ற இரண்டு லெக்சீம்கள் சேர்ந்தது என்று காட்டலாம். மலையாளக் களரி தனி லெக்சீமாகவே நிற்கும், பயிற்சிக்கூடம் என்ற தன் பொருளோடு. இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்ல ஆதாரம் கிடைத்தால் இணைப்போம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

இந்த ‘விட்டுவிடலாம்’ என்பதுதான் எனக்கு மிக முக்கியம். லெக்சீமின் பொருளை ஓர் உருப்படியோடு இணைப்பதும், வேறு மொழிச் சொல்லை மொழிபெயர்ப்பு என்று காட்டுவதும் கட்டாயமில்லை. கட்டியங்காரனுக்குத் தனி உருப்படி உருவாக்கி, சூத்திரதாரரிலிருந்து இது வேறு என்று காட்டவும் ஒரு பண்பு உண்டு. யாராவது ஆர்வக்கோளாறில் இரண்டையும் ஒன்றாக்கினால் திருத்த வரலாற்றில் தெரியும், பிரித்துவிடலாம். இதைக் கண்காணிக்க நாலு பேராவது தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய சொற்களுக்கும் இந்த அமைப்பு கைகொடுக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடையின் அளவைக் கோல் கணக்கில் தருகிறது: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரைகளையும் சொல்கிறது. ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரு பக்கமிருந்தும் வந்து கூடுவது, மேலிருந்து மறைவாக இறங்குவது என்று விளக்குவது வழக்கம். இன்றைய மேடைத் திரைகளோடு உடனே சமன்படுத்தத் தோன்றும். சமன்படுத்தாமல், மூன்றையும் தனிக் கருத்துகளாக வைத்து, எந்த நூலில் வருகிறது என்று ஆதாரம் கொடுத்து, திரை என்ற பொதுக் கருத்தின் கீழ் நிறுத்தினால் போதும். இன்றைய திரைகளோடு உள்ள நெருக்கத்தை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

குறைகளும் உண்டு, சின்னவை அல்ல. முதல் குறை, நுழைவதே கடினம். பண்பு, அதற்குக் கூடுதல் விவரம் தரும் தகுதிக்குறி, சான்று என்ற ஏற்பாடு புதியவருக்குப் பிடிபட நாளாகும். தேடுபெட்டியில் சும்மா சொல்லைத் தட்டினால் உருப்படிகள்தான் வரும். லெக்சீம் வேண்டுமென்றால் அதைத் தனியாகக் குறிப்பிட்டுத் தேட வேண்டும். இது தெரியாமல், சொல் இல்லை என்று நினைத்து இரண்டாவது லெக்சீம் உருவாக்குபவர்கள் உண்டு. அடுத்த குறை, நீளமாக எழுத இடமில்லை. விளக்கம் என்பது ஒரு வரி. கட்டியங்காரனை ஒரு வரியில் அடைக்கும்போது மனசு கேட்காது. அதனால்தான் விரிவை விக்சனரியிலோ விக்கிப்பீடியாவிலோ எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

தனித் தரவுதளம்

விக்கித்தரவை இயக்கும் மென்பொருள் விக்கிபேஸ். அது கட்டற்ற மென்பொருள், யாரும் நிறுவிக்கொள்ளலாம். சர்வர் நடத்த முடியாதவர்களுக்கு விக்கிமீடியா ஜெர்மனி நடத்தும் விக்கிபேஸ் கிளவுட் இருக்கிறது. நமக்கு வேண்டிய பண்புகளை நாமே வகுக்கலாம்: இந்தச் சொல் எந்தக் கூத்து மரபைச் சேர்ந்தது, வேஷக்காரர் சொல்வதா பின்பாட்டுக்காரர் சொல்வதா, ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்றெல்லாம். விக்கித்தரவில் ஒரு புதுப் பண்பு வேண்டுமென்றால் முன்மொழிந்து, விவாதித்து, ஒப்புதல் வாங்க வேண்டும். இங்கே அந்தக் காத்திருப்பு இல்லை.

கலைச்சொல் தொகுப்புக்கென்றே உருவான டெர்மினோலாக் என்ற கருவியும் உண்டு. அயர்லாந்தின் டப்ளின் சிட்டி பல்கலைக்கழகத்தில் உருவானது. கருத்துக்கு ஒரு பதிவு, அதற்குள் எத்தனை மொழி வேண்டுமானாலும் என்ற அமைப்பு. விக்கித்தரவைவிடப் பழகுவது எளிது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வேற்றுமை உருபேற்ற வடிவங்கள், சொற்பிறப்பு, ஒலி என்று சொல்லுக்குள் இறங்கிப் பார்க்க விரும்புபவர்களுக்கு லெக்சீம்தான் வசதி.

இரண்டு வழியிலும் கேள்வி ஒன்றுதான்: பத்து வருடம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள்? நிதி இருக்கும்வரை அழகாக ஓடி, திட்டம் முடிந்ததும் பக்கம் திறக்காமல் போன தமிழ்த் தொகுப்புகள் நமக்குப் புதிதல்ல. பல்கலைக்கழகத் துறையோ நூலகமோ பொறுப்பை எழுத்தில் ஏற்றால் தனி விக்கிபேஸ் நல்ல வழி, அதுவும் விக்கித்தரவோடு பதிவு எண்களை இணைத்துக்கொண்டே. ஆர்வலர் குழு மட்டும் என்றால் வேண்டாம். அரங்க வடிவமைப்பாளர்கள், தொழில்நுட்பர்களுக்காக 1968இல் பிராகில் தொடங்கிய ஒய்ஸ்டாட் மாதிரி ஓர் அமைப்பு பின்னால் நிற்கும்போதுதான் பன்மொழி அரங்கச் சொல் தொகுப்புகள் தலைமுறை தாண்டுகின்றன.

கொடுத்தவர் பெயர்

உரிமம் என்றதும் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த ஒப்பீட்டில் அதைத் தாண்ட முடியாது. விக்சனரி உரை சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் இருக்கிறது: எடுத்தால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். விக்கித்தரவின் தரவு சிசி ஜீரோ: யாரும் எதற்கும், பெயர் சொல்லாமலே எடுத்துக்கொள்ளலாம். அதனால் விக்சனரியின் விளக்கங்களை அப்படியே நகலெடுத்து விக்கித்தரவில் ஒட்டக் கூடாது, நம் சொந்த வாசகத்தில் எழுத வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், ஆயுள் முழுக்க ஆடிய ஒருவர் சொல்லித்தந்ததை, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லாத இடத்தில் வைக்கிறோம் என்பது. இதை அவரிடம் முன்பே சொல்ல வேண்டும், கையெழுத்து வாங்கும்போது அல்ல, பேச உட்காரும்போதே. இதற்கு ஒரு வழி இருக்கிறது. அவர் சொல்லை விளக்கும் ஒலி அல்லது காணொளியை, அவர் சம்மதத்தோடு, படம், ஒலி, காணொளிகளைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் பெயர் குறிப்பிடக் கோரும் உரிமத்தில் ஏற்றுவது. பிறகு லெக்சீமின் பொருளுக்கு அந்தக் கோப்பைச் சான்றாகக் காட்டுவது. அச்சு ஆதாரம் இல்லாத சொல்லுக்கு ஆதாரமும் ஆயிற்று, கலைஞரின் பெயரும் குரலும் நிலைத்தும் ஆயிற்று. பெயர் வெளியே வர வேண்டாம் என்பவரின் பெயரை விட்டுவிட வேண்டும்.

எல்லாச் சொல்லையும் வெளியே வைக்கவும் கூடாது. குழுவுக்குள் மட்டும் புழங்குபவை, சடங்கோடு ஒட்டியவை, ஒருவரைப் பற்றிய கேலி என்று சில உண்டு. கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். வழக்குக் கட்டுப்பாடும் பதியத்தக்க தகவல்தான். பிரெஞ்சு அரங்கில் கயிறு என்ற பொதுச்சொல்லை மேடையில் உச்சரிக்க மாட்டார்கள், அபசகுனம். வேறு சொற்களை வைத்துக்கொள்வார்கள். சொல்லை மட்டும் பதிந்து, சொல்லக்கூடாத இடத்தைப் பதியாவிட்டால் தகவல் பாதிதான்.

எப்படித் தொடங்குவது

நான் பரிந்துரைப்பது இந்த ஒழுங்கு. ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய ஒரே ஒரு இரவுக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். களரி கட்டுவதிலிருந்து விடியும்வரை வரும் சொற்களை மட்டும் விரிதாளில் ஏற்றுங்கள், வரிக்கு ஒரு கருத்து. பிறமொழி நெடுவரிசைகளை இப்போதைக்குத் திறக்கவே வேண்டாம். பெயர்ச்சொற்களோடு நிற்காமல் வினைகளையும் பிடியுங்கள்: வேஷம் கட்டுவது, திரை பிடிப்பது, கிரிக்கி அடிப்பது (சுழன்று ஆடுவது). தோளில் கட்டும் புஜக்கட்டையும் கிரீடமும் படத்திலாவது தங்கிவிடும். செய்கைகளின் பெயர்கள்தான் முதலில் மறையும். வாத்தியாரிடம் வாசித்துக் காட்டித் திருத்தியபின், லெக்சீம்களாக ஏற்றுங்கள். விக்சனரியில் விரிவான பக்கம் வேண்டிய சொற்கள் எவை என்பது ஏற்றும்போதே தெரிந்துவிடும். ஒரு வரி விளக்கத்துக்குள் அடங்க மறுப்பவை அவை.

முழுத் தொகுப்பும் முடியட்டும் என்று வெளியிடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு இரவுக் கூத்தின் சொற்கள் பொதுவில் இருந்தாலே, வேறு ஊர்க்காரர் வந்து ‘எங்கள் பக்கம் இதை வேறு மாதிரிச் சொல்வோம்’ என்று இரண்டாவது சொல்லைச் சேர்க்க முடியும்.